தாவர எண்ணெய் டீசலாக மாறும் விதம்

பாரிசு மாநகரில் 1900ஆம் ஆண்டு நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. அதனை ஓட்டிக் காட்டியவர் ருடால்ஃப் டீசலே என்று பலரும் எழுதிவருகின்றனர். அது பிழை. ஓட்டியது ஓட்டோ நிறுவனம்; விரும்பிக் கேட்டது பிரெஞ்சு அரசாங்கம். இதனை டீசலே 1912இல் குறித்துள்ளார்.

அங்ஙனமாயின் எண்ணெயை அப்படியே எந்திரத்தில் ஊற்றலாகாதோ? ஊற்றினால் ஓடும், நெடுநாள் ஓடாது. தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதி. ஆதலின் அது நுண்துளிகளாகச் சிதறாது. முற்றும் எரியாமல் கரியாகப் படிந்து தெளிப்பானை அடைக்கும். சூடாக்குதலும் டீசலோடு கலத்தலும் அரைகுறை மருந்துகளே.

குறை எண்ணெயின் அமைப்பிலேயே உள்ளது. ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்ததே எண்ணெயின் மூலக்கூறு. கிளிசரினை விலக்கி, ஒவ்வோர் அமிலத்தோடும் ஒரு மெதனாலைச் சேர்த்தால் பெரிய மூலக்கூறு மூன்று சிறியனவாகும். அவையே உயிரி டீசல். பெல்ஜிய நாட்டுச் சாவான் என்பார் செம்பனை எண்ணெயோடு எத்தனாலைச் சேர்க்கும் இத்தகைய முறைக்கு 1937இலேயே காப்புரிமை பெற்றார்.

100 கிலோ எண்ணெய்க்குக் கணக்கின்படி 11 கிலோ மெதனால் போதும். வினை பின்வாங்காதிருக்க அதனை இருமடங்காக இடுவர். 1 கிலோ அளவு எரிசோடாவை மெதனாலில் கரைத்து எண்ணெயிற் சேர்த்து, 60 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் கலக்குவர். சூடு 65 பாகையை எட்டினால் மெதனால் கொதித்தெழும். அதன் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பற்றுவதும் ஆகும். அசையாது வைத்தால் கனத்த கிளிசரின் அடியில் தங்கும். மேல்நிற்பதைப் பிரித்து, நீரால் கழுவி, உலர்த்துவர்.

மலேசியா 2011இல் டீசலில் 5 விழுக்காடு செம்பனை எரிபொருளைக் கலக்கத் தொடங்கி, 2019இல் அதனை 10 விழுக்காடாக்கியது. அடுப்படிக்குரிய எண்ணெயை ஊர்திக்கு ஊட்டுவதா என்னும் வினா நியாயமானதே. பொரித்துக் கழித்த எண்ணெயைப் பயன்படுத்தினால் எவர் உணவும் குறையாது. ஆனால் வேலைக்கு மிகக் கடினமானதும் அதுவே. அதில் நீரும், பிணைப்பு விட்ட கொழுப்பமிலங்களும் மிகுதி. எரிசோடா அவற்றோடு கூடினால் விளைவது டீசலன்று, சவர்க்காரம்! கலவை தயிர்போற் குழம்பிக் கிளிசரினும் பிரியாது. ஆகவே அவ்வெண்ணெயை வடிகட்டி, காய்ச்சி நீரைப் போக்கி, முதலில் கந்தக அமிலத்தின் துணையால் மெதனாலோடு வினைபுரியச் செய்வர். அவ்வினையே மீண்டும் நீரைப் பிறப்பிக்கும். அந்நீரையும் நீக்கிய பின்னரே எரிசோடாவிற்கு இடமுண்டு.