கஞ்சி குடிக்கச் சொன்ன மருத்துவ நூல்

இருநூறு பேருக்கு மேல் இருந்த பெரிய குடும்பம் அது. கி.பி. 196இல் புதிய ஆண்டுக்கணக்கு தொடங்கி இன்னும் பத்தாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள். இறந்த பத்துப் பேரில் ஏழு பேரைக் கொண்டுபோனது குளிர்க்காய்ச்சல். சீனாவில் ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்த அந்த நாட்களில் உறவினர்களைப் பறிகொடுத்த ஜாங் ஜொங்ஜிங் என்ற மருத்துவர், இந்தக் கணக்கைத் தன் நூலின் முன்னுரையிலேயே எழுதிவைத்தார். அந்த நூலில் காய்ச்சல்களைப் பற்றிய பகுதி 'ஷாங்ஹான் லுன்' என்ற பெயரில் இன்றும் படிக்கப்படுகிறது.

சீன மருத்துவத்தின் மூலநூல் என்று எல்லோரும் முதலில் சொல்வது 'ஹுவாங்டி நெய்ஜிங்'கை. மஞ்சள் பேரரசர் கேட்க, சி போ பதில் சொல்ல, உடல், பருவங்கள், நாடி என்று விரியும் உரையாடல் அது. ஷாங்ஹான் லுன் அப்படி விரித்துப் பேசுவதில்லை. காய்ச்சல் வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் குறி தெரிந்தால் இதைக் கொடு, வேறு குறி தெரிந்தால் அதைக் கொடு என்று சொல்லிக்கொண்டே போகிறது.

அதில் முதலில் வரும் மருந்து குய்ஜி கஷாயம். லேசான காய்ச்சல், வியர்வை, காற்றுப் பட்டாலே நடுக்கம் என்று வருபவருக்கு உரியது. கருவா மரத்தின் இளங்கிளை, பியோனி வேர், இஞ்சி மூன்றும் மும்மூன்று லியாங் எடை. அதிமதுரம் இரண்டு லியாங். சீன இலந்தைப்பழம் பன்னிரண்டு. ஏழு படி தண்ணீர் விட்டுச் சிறுதீயில் மூன்று படியாக வற்றக் காய்ச்சி, வடித்து, ஒரு படி குடிக்க வேண்டும்.

மருந்துச் சீட்டு இதோடு முடிந்துவிடலாம். ஜாங் முடிக்கவில்லை. கஷாயம் குடித்துச் சற்று நேரம் கழித்து, சூடான நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணம் குடிக்கச் சொல்கிறார். போர்வையால் மூடிப் படுக்க வேண்டும். உடம்பு முழுக்க மெல்லிய வியர்வை அரும்ப வேண்டும். ஆறாக வழியவிடக் கூடாது, வழிந்தால் நோய் போகாது. ஒரு தடவையிலேயே வியர்த்துக் குணம் தெரிந்தால் மீதிக் கஷாயம் வேண்டாம். வியர்க்கவில்லை என்றால் இன்னொரு படி, இடைவெளியைக் குறைத்து இன்னொன்று. நோய் கடுமையானால் இரவும் பகலும் கூடவே இருந்து பார்க்க வேண்டும். பத்தியமும் உண்டு: பச்சையாக உள்ளது, குளிர்ந்தது, பிசுக்கானது, இறைச்சி, கள் எதுவும் ஆகாது.

இந்த நூலை வேறாக்கிக் காட்டுவது ஐந்து சரக்கின் பட்டியல் அல்ல. அதற்குப் பின் வரும் இந்தக் கவனம்தான்.

அந்தக் காலத்தில் மருத்துவ நூல் சுலபமாகக் கைக்கு வராது. மூங்கில் பட்டைகளிலும் பட்டுத் துணியிலும் எழுதியவற்றை ஆசான் நம்பிக்கைக்குரிய மாணவனுக்கே கொடுப்பார். ஜாங்கின் நூலும் போர்களில் சிதறியது. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷுஹெ என்ற மருத்துவர் அதைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காது. 1057இல் சோங் அரசு பழைய மருத்துவ நூல்களைப் பிழை நீக்கித் திருத்த ஒரு பணிமனை அமைத்தது. 1065இல் ஷாங்ஹான் லுன் அச்சானது. அதற்குப் பிறகு வந்த மருத்துவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள், உரை எழுதினார்கள், வரிசை மாற்றிப் பார்த்தார்கள், ஒருவர் உரையை இன்னொருவர் மறுத்தார். நூல் நிலைத்தது இந்தச் சண்டைகளால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மருத்துவம் இல்லாமலே போயிருக்கும். 1929இல் பழைய மருத்துவத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானம் அரசின் சுகாதாரக் குழுவில் நிறைவேறியது. மார்ச் 17 அன்று நாடெங்கும் இருந்து மருத்துவர்கள் ஷாங்காயில் கூடி எதிர்த்தார்கள், தீர்மானம் கைவிடப்பட்டது. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு நான்கு ஊர்களிலும் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. ஆசான் கொடுத்த நூல் பாடநூல் ஆனது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. இதைவிடப் பெரிய நன்மை இந்த நூல்களுக்கு வேறு நடக்கவில்லை.

ஆனால் பாடநூலாகும்போது சில விஷயங்கள் சுருங்கின. குய்ஜி கஷாயத்தின் அளவையே பாருங்கள். அகழ்வில் கிடைத்த ஹான் கால எடைகளின்படி மூன்று லியாங் நாற்பது கிராமுக்கு மேல் வரும். இன்றைய பாடநூல் போடுவது 9 கிராம். எது சரி என்று மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மருந்து தயாராகும் விதமும் மாறிவிட்டது. மருந்துக்கடையில் சிறு இழுப்பறைகள் நிறைந்த பழைய மர அலமாரி உண்டு. கைத்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் மண்பானையில் காய்ச்சுவார்கள். இப்போது பல மருத்துவமனைகளில் இயந்திரமே காய்ச்சி, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. வெந்நீரில் கரைத்தால் போதும் என்ற குருணைப் பொட்டலமும் வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் கஞ்சியையும் போர்வையையும் வியர்வை கண்டால் நிறுத்து என்ற சொல்லையும் பொட்டலத்தில் அடைக்க முடியாது. மருத்துவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

செய்முறை வரிகளைத் துணைக்குறிப்பு என்று ஒதுக்கக் கூடாது என்பதற்குப் பெரிய சான்று மலேரியா மருந்து. 1967 மே 23 அன்று சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேட ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. 1969இல் அதில் சேர்ந்த து யூயூ என்ற ஆய்வாளரின் குழு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பழைய மருந்து முறைகளைத் தொகுத்தது. ஏறத்தாழ இருநூறு மூலிகைகளிலிருந்து எடுத்த சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை நம்பிக்கை தந்தது, மறுமுறை ஏமாற்றியது. அப்போது அவர் நான்காம் நூற்றாண்டுக்காரரான கெ ஹொங்கின் அவசர மருத்துவக் கையேட்டைத் திரும்பப் படித்தார். ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி அது சொல்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியை முழுதாக ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் குழுவினர் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் அப்படிப் பிறந்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. செடியின் பெயர் எத்தனையோ நூல்களில் இருந்தது. வழி காட்டியது எப்படிச் செய்வது என்ற ஒரு வரி. அந்த வழி சரி என்று காட்டியது சோதனை.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, அதே பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் வேறொரு செடி சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது, புற்றுநோயும் தொடர்ந்தது. எந்தச் செடி, யாருக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

2018இல் சீன அரசு பழைய நூல்களிலிருந்து நூறு மருந்து முறைகளின் பட்டியலை வெளியிட்டது. நிபந்தனைக்கு உட்பட்டால் மனிதச் சோதனை இல்லாமலே அவற்றைத் தயாரித்து விற்க அனுமதி பெறலாம்; செய்முறை நூலோடு ஒத்திருக்க வேண்டும். செய்முறைக்குத் தந்த மரியாதை நல்லது. சோதனைக்கு விலக்கு தந்தது சரியல்ல. நூல் பழையது என்பது மருந்து வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி ஆகாது. குடும்பத்தையே பறிகொடுத்தும் ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பிறகும் நோயாளியைப் பார், குணம் தெரிந்தால் நிறுத்து, தெரியாவிட்டால் மாற்று என்று எழுதியவர் ஜாங். அவர் நூலை வணங்குகிறவர்கள் அந்தப் பார்வையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அந்தப் பார்வையின் பெயர் முறையான சோதனை. அதற்கு விலக்குக் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.