வளைவில் நழுவும் உள்சக்கரம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நிதானமாகப் பேசுவோம். மழை ஓய்ந்த மறுநாள் ஆதம்பாக்கத்தில், ஒரு முன்சக்கரம் சாலையோரச் சகதியில் இறங்கிவிட்ட பழைய மாருதியைப் பார்த்திருப்பீர்கள். சகதியில் இருப்பது கிர்ரென்று சுற்றும், தார் மேல் இருப்பது அசையாது. "பவர் முழுக்க சுத்துற வீலுக்கே போயிடுது" என்பார்கள். முறுக்குவிசையைப் பார்த்தால் கதை வேறு. எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். சகதிச் சக்கரம் 10 பங்குதான் தாங்கும் என்றால், நல்ல பிடியில் இருப்பதற்கும் அதே 10தான். பலவீனமான பக்கம் இரண்டுக்கும் வரம்பு கட்டிவிடுகிறது.

வளைவிலும் இதுதான் நடக்கிறது. எடை வெளிப்பக்கம் சாய, உள்பக்க முன்சக்கரம் லேசாகும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது வழுக்கிச் சுற்றும், காரின் மூக்கு வெளியே ஓடும். அம்பாசடரில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திருப்பும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதல் நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் இரண்டு வேலையும் முன் டயர்கள் தலையில்தான்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி, இந்த வரம்பைத் தளர்த்துகிறது. ஹெலிக்கல் பற்சக்கர வகையை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதம் 2.5 என்றால், உள்சக்கரம் 40 தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 100 வரை போகும். வெளிச்சக்கரம் அதிகமாக இழுப்பதால் மூக்கே வளைவுக்குள் திரும்புகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வளைவை விட்டு வெளியேறும்போது இதன் அருமை தெரியும்: ஸ்டீயரிங் நேராகும் முன்பே துணிந்து மிதிக்கலாம்.

ஆனால் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால்? பூஜ்ஜியத்தை 2.5 ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அங்கே பிளேட் வகை எல்எஸ்டி கைகொடுக்கும், அழுத்தி வைத்த கிளட்ச் தட்டுகள் அதற்குள் இருப்பதால். அதன் சில வடிவங்கள் ஆக்சிலரேட்டரை விடும்போதும் இறுகும். வால் வீசாமல் கார் நிதானிக்கும், பதிலுக்கு வளைவுக்குள் நுழையவே அடம்பிடிக்கும். தட்டுகள் தேயவும் தேயும்.

ஒர்க்‌ஷாப்பில் இந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். நல்ல நிலையில் உள்ள பிளேட் வகையில் கை வலிக்கும், சக்கரம் அசையாது.

2025இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயில் எல்எஸ்டியின் வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டுடன் ஒரு கிளட்ச் செய்கிறது. விலை குறைந்த கார்களில் வழுக்கும் சக்கரத்தைக் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கும். மலிவான வழி, ஆனால் எஞ்சின் உழைப்பில் ஒரு பகுதி பிரேக்கில் சூடாகப் போகிறது.

வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் போய்வர எல்எஸ்டி தேவையே இல்லை என்பேன். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். எல்எஸ்டி இருந்தால் ஸ்டீயரிங் கனக்கும், மேடுபள்ளத்தில் கையை இழுக்கும். அதைவிட முக்கியம், ஈரச் சாலையில் அளவுமீறி மிதித்தால் உள்சக்கரம் முதலில் சுற்றி எச்சரிக்காது. முன்சக்கரம் இரண்டும் சேர்ந்தே பிடியை விடும்.