வாழைக்காய் சாப்பிட்டா மூட்டுவலி போகுமா?

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்ல வாழைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வாங்கிட்டு வந்தீங்கன்னா, உங்க பையில ஏற்கெனவே ப்ரீபயாட்டிக் இருக்கு. தனியா டப்பா வாங்க வேண்டாம்.

ப்ரீபயாட்டிக்னா நம்மால செரிக்க முடியாம, பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்ற சாப்பாடு. தயிர்ல இருக்கறது பாக்டீரியாவே. இது அதுக்குத் தீனி. வெங்காயம், பூண்டுல இனுலின் மாதிரி நார்ச்சத்து. வாழைக்காயிலயும், வடிச்சு ஆறின சோத்துலயும் செரிக்காத ஸ்டார்ச். பாக்டீரியா இதைப் புளிக்கவச்சு ப்யூட்டிரேட் மாதிரியான அமிலங்களைத் தயாரிக்குது. குடல் சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். எதிர்ப்பு சக்தி செல்கள் தேவையில்லாம கொந்தளிக்காம இருக்கவும் அது உதவுது.

இந்த ஸ்டார்ச் மனுஷங்ககிட்ட வேலை செய்யும்னு காட்டினதுல நம்ம ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.ல டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, 48 காலரா நோயாளிகள்கிட்ட சோதனை பண்ணி 2000-ல வெளியிட்டாங்க. வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலோட செரிக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைச் சேர்த்தப்ப வயித்துப்போக்கு குறைஞ்சது, சீக்கிரமும் நின்னுது. காரணம் அதே அமிலங்கள்தான்: பெருங்குடல் உப்பையும் தண்ணியையும் திரும்ப உறிஞ்ச அவை உதவுது.

சரி, மூட்டுக்கு வருவோம். இங்கதான் கதை சிக்கலாகுது.

2013-ல நியூயார்க் ஆராய்ச்சி ஒண்ணு, புதுசா ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்து இன்னும் மருந்து எடுக்காதவங்கள்ல 75 சதவீதம் பேர் குடல்ல ப்ரிவோடெல்லா கோப்ரிங்கற பாக்டீரியாவைப் பார்த்துச்சு. ஆரோக்கியமானவங்கள்ல சுமார் 21 சதவீதம்தான். உடனே "வில்லன் கிடைச்சாச்சு"ன்னு தோணும். ஆனா தானியமும் காய்கறியும் அதிகம் சாப்பிடற இந்தியக் குடல்கள்ல ப்ரிவோடெல்லா வகை சகஜம். அதுவே வில்லன்னா, தி.நகர் ரங்கநாதன் தெருவுல பாதி பேர் நொண்டிட்டுத்தான் நடக்கணும்! 2016-ல மேயோ கிளினிக்ல வீணா தனேஜா குழு, அதே இனத்தைச் சேர்ந்த ப்ரிவோடெல்லா ஹிஸ்டிகோலாவைக் கொடுத்தப்ப எலிகளுக்கு ஆர்த்ரைட்டிஸ் குறைஞ்சுது. குடும்பப் பேரு ஒண்ணு, ஆளு வேற. எர்ரர் வந்த நேரத்துல ஓடிட்டிருந்த ப்ராசஸ் எல்லாம் பக் ஆகிடாது.

தேய்மானத்தால வர்ற முழங்கால் வலி வேற நோய். அதுல 2018-ல ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் குண்டான எலிகளுக்கு ஆலிகோஃப்ரக்டோஸ்ங்கற ப்ரீபயாட்டிக் கொடுத்தது. எடை குறையல, ஆனா மூட்டுச் சேதம் குறைஞ்சுது. சுவாரசியம்தான். எலிதான்.

"அம்மா மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திட்டு வாழைக்காய்க்கு மாறலாமா?"ன்னு அடையாறுலேர்ந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். கூடாதுங்க. ருமட்டாய்டுல எலும்பு அரிச்ச பிறகு மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம். மருந்து அதைத்தான் தடுக்குது. பொடிமாஸ் மாத்திரையோட கூட வரட்டும், மாத்திரைக்குப் பதிலா வேண்டாம். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரே நாள்ல ஏத்தினா வாயு படுத்தி எடுத்துடும்.