கொள்ளுத்தாத்தா பெயர் தெரியுமா? குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவது எப்படி?

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. அங்குள்ள கல்லறைக் கற்களில் 17, 18-ம் நூற்றாண்டுகளில் இறந்தவர்களின் பெயரும் தேதியும் செதுக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்தவர்களுக்குக் கிடைத்த இந்தப் பதிவு, பக்கத்துக் குப்பங்களில் தலைமுறைகளாக வாழும் பல குடும்பங்களுக்கு இல்லை. "கொள்ளுத்தாத்தா பேரு என்ன?" என்று கேட்டால் நம்மில் பலரும் முழிப்போம்.

காரணம் எளிது. நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக வரும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அம்மா வழிப் பெயர்கள் பெரும்பாலும் அதிலும் இடம்பெறுவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் மூத்தவரிடமிருந்து. பத்திரங்களை அடுத்த மாதம்கூடத் தேடலாம். 85 வயது ஆயாவிடம் கேட்பதைத் தள்ளிப்போட முடியாது.

"உங்க வரலாற்றைச் சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்றது?" என்றுதான் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள். "ஆயா, நீ பொறந்த ஊரு எது? உங்கம்மா எந்த ஊர்லருந்து வாக்கப்பட்டு வந்தாங்க?" பழைய கல்யாண போட்டோவைக் கையில் கொடுத்தால் பெயர்கள் தானாக வரும்.

வருடம் கேட்டால் குழப்பம் வரும், சம்பவத்தைக் கேளுங்கள். "அண்ணா இறந்தப்போ உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால் 1969-க்கு முன்பா பின்பா என்பது தெரிந்துவிடும்.

பதிவு செய்வது எப்படி?

செல்போன் ரெக்கார்டரே போதும். கடற்கரை ஊர் என்றால் காற்றுச் சத்தம் இல்லாத உள் அறையில் உட்காருங்கள், ஃபேனை நிறுத்துங்கள். பதிவு செய்வதைச் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயரைச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். மீதியை இன்னொரு நாள் கேட்கலாம். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

ஆவணங்கள் எங்கே?

முதல் துப்பு குலதெய்வம். கோயில் இருக்கும் ஊர் முன்னோர் வாழ்ந்த ஊராக இருக்கலாம். அடுத்து மூலப்பத்திரம், அதில் 'இன்னாரின் மகன் இன்னார்' என்று எழுதியிருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் வாங்கலாம்.

மாவட்டப் பெயரில் கவனம் தேவை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. இப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் உருவானது 2019 நவம்பர் 29-ல். எனவே இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணங்களில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்றே இருக்கும்.

இன்னும் பின்னால் போனால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய சர்வே இருக்கிறது. செங்கல்பட்டுப் பகுதியின் சுமார் 2,000 ஊர்களை அது பதிவு செய்தது. அதையொட்டிய ஓலைச்சுவடிக் கணக்குகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றில் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகள் 2001-ல் நூலாக வந்தன. உங்கள் முன்னோரின் பெயர் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆனால் ஊரின் நிலம், தொழில்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெரியவரும்.

ஆவணமே இல்லாவிட்டால்?

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் கூடி, கன்னியம்மனை வழிபடுகின்றன. திருமணங்களும் அங்கே நடக்கின்றன. நிலமோ பத்திரமோ இல்லாத பல குடும்பங்களுக்கு, யார் யாருக்கு என்ன உறவு என்பது பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்கு அலையும்போது அந்த உறவு விவரம் தேவைப்படுகிறது.

சொல்வதெல்லாம் உண்மையா?

மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, பல கடலில் மூழ்கின என்பது நெடுநாள் பேச்சு. 2002-ல் நடந்த கடலடி ஆய்வில் கட்டுமான எச்சங்கள் கிடைத்தன. 'ஏழு' என்ற எண்ணிக்கை நிரூபிக்கப்படவில்லை. குடும்பக் கதைகளும் இப்படித்தான். சொன்னதை அப்படியே எழுதி, யார் சொன்னது என்று குறியுங்கள். பெரியப்பா ஒன்றும் அத்தை வேறொன்றும் சொன்னால் இரண்டையும் வையுங்கள். எது சரி என்பதைப் பத்திரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டு, ஆயாவின் அம்மா பெயரை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். தொடங்க அது போதும்.