புது லேப்டாப்பில் கீறல்: பொறுப்பு யாருடையது?

புது லேப்டாப்பின் பெட்டியைப் பிரித்ததும் மூடியில் ஒரு கீறலோ மூலையில் ஒரு நசுங்கலோ தெரிகிறது, அல்லது துடைத்தாலும் போகாத திட்டு ஒன்று திரையில் இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மெஷின் நல்லாத்தானே ஓடுது, இது வெறும் காஸ்மெடிக், வாரண்டியில வராது." கேட்டவர் மனம் சுணங்கி, பல மாதச் சேமிப்பையோ தவணைக் கடனையோ கொட்டி வாங்கிய பொருளை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்புகிறார். அந்தப் பதிலில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பயன்படுத்தும்போது நம் கையால் விழுந்த கீறலை உற்பத்தியாளர் சரிசெய்து தர வேண்டுமா என்பது ஒரு கேள்வி. பெட்டிக்குள்ளேயே கீறலோடு இருந்த பொருளைப் புதிது என்று முழு விலைக்கு விற்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு 'வேண்டியதில்லை' என்ற பதில் நியாயமானதே. அந்தப் பதிலையே இரண்டாவதற்கும் பொருத்துவதில்தான் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'குறைபாடு' என்பதை மிக விரிவாகவே வரையறுக்கிறது. சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ இருக்க வேண்டிய தரத்தில், அல்லது விற்பவர் எந்த வகையிலாவது உறுதி சொன்ன தரத்தில், காணப்படும் எந்தப் பிழையும் குறைபாடுதான். இயங்குகிறதா, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்ற பாகுபாடு அந்த வரையறையில் இல்லை. 'புதிது' என்று சொல்லி விற்பதே ஓர் உறுதிமொழி. மடிப்பு கலையாத புதுப் புடவையில் கறை இருந்தால், உடுத்திக்கொள்ள முடிகிறதே என்று எந்த ஜவுளிக்கடைக்காரரும் வாதிடுவதில்லை. லேப்டாப்புக்கு மட்டும் அந்த வாதம் எடுபடுவது விசித்திரம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதையும், பில்லில் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் அப்படி மறுப்பதையும் இதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கும் அது செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் பலம்: குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

வாரண்டி அட்டையிலேயே விலக்கு எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருப்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை முடிவுவரை படிக்க வேண்டும். உதாரணமாக, ஆப்பிள் நிறுவனத்தின் வாரண்டி கீறல், நசுங்கல் போன்ற மேற்பரப்புச் சேதங்களை விலக்கிவிட்டு, மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் வந்தவை நீங்கலாக என்ற பொருளில் ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது. இந்த நிபந்தனையின் கனத்தைக் காட்டிய நிகழ்வும் அதே நிறுவனத்துடையதுதான். 2012 முதல் 2015 வரை வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோக்களில், திரையின் மேலிருந்த ஒளித்தெறிப்புத் தடுப்புப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்தது. மூடும்போது விசைப்பலகையும் டச்பேடும் திரையைத் தொடும் இடங்களில் அது அதிகம் தெரிந்தது. தவறாகத் துடைத்திருப்பீர்கள், இது அழகுக்குறை மட்டும்தான் என்ற பதிலே பலருக்குக் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து 'ஸ்டெயின்கேட்' என்ற பெயரில் படங்களைத் திரட்டினார்கள். 2015 அக்டோபரில் நிறுவனம் திரைகளை இலவசமாக மாற்றித் தரத் தொடங்கியது. வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை அந்தச் சலுகை பின்னர் நீண்டது. 'வெறும் கறை' என்று ஒதுக்கப்பட்டது தயாரிப்புக் குறையாக நடத்தப்பட்டது. சில லேப்டாப்களின் ரப்பர் போன்ற மென்பூச்சு நம் ஊர்க் கடற்கரை நகரங்களின் ஈரப்பதத்தில் பிசுபிசுத்துப்போவதும் பொருளின் தன்மையால் வருவதே. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

விற்பவர்கள் பக்கம் ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. வீட்டில் கீழே போட்டுவிட்டு, வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாப் புகாரையும் ஏற்றால் அந்தச் செலவு மற்றவர்கள் தலையில்தானே விழும்? இந்தக் கவலை நேர்மையானது. அதனால்தான் இந்தச் சண்டை முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றி நடக்கிறது: குறி எப்போது வந்தது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்புத் தரச் சொல்கிறது. கூடவே, சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய குறையை அப்படிப் பார்த்து வாங்கியவர் பிறகு கிளப்புவது கடினம் என்ற நிலையையும் உண்டாக்குகிறது. ஆகவே கடையில் வாங்கினால் வெளிச்சத்தில் வைத்து மூடி, அடிப்பக்கம், நான்கு மூலைகள், கீல் ஆகியவற்றைப் பார்த்த பிறகே பில்லை வாங்க வேண்டும். கூரியரில் வந்தால், முகவரிச் சீட்டும் உடையாத சீலும் தெரியும்படி தொடங்கி, பெட்டியிலிருந்து கருவியை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டும் வரை இடைவெட்டு இல்லாத ஒரே வீடியோ எடுப்பது நல்லது. சட்டம் இந்த வீடியோவைக் கட்டாயமாக்கவில்லை. வீடியோ இல்லை என்பதற்காக மட்டும் உரிமை பறிபோவதுமில்லை. ஆனால் பொய்ப் புகார் என்ற சந்தேகத்துக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடையாது. கொண்டுவருபவரே பெட்டியைத் திறந்து காட்டும் ஓபன் பாக்ஸ் டெலிவரி என்றால், பார்த்து முடிக்கும் வரை ஓடிபி எண்ணைச் சொல்லக் கூடாது. அட்டைப்பெட்டி கிழிந்தோ நசுங்கியோ இருந்தால் அதையும் படம் எடுத்து, பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. புதுப் பொருள் வந்ததும், ஆயுத பூஜை அன்றும், மஞ்சள், சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைவது, பிளாஸ்டிக்கிலும் பளபளப்பில்லாத பெயிண்டிலும் ஊறிக்கொள்வது. சோப்பு போன்ற காரம் பட்டால் சிவந்தும்போகும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. கருவியைப் பார்த்து, படமெடுத்து, குறை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு பொட்டு வைக்கலாம். அதையும் பெட்டியின் மேலோ அடாப்டர் மேலோ வைத்தால் இன்னும் நல்லது.

மேற்பரப்புக் குறியை அழகுப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது ஆபத்தும்கூட. மூலை நசுங்கியிருந்தால் கருவி எங்கோ விழுந்திருக்கிறது. கீலும் திரையும் உள்ளே அடிவாங்கியிருக்கலாம். டச்பேடு மேலெழும்பியோ அடிப்பக்கம் வீங்கியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கும் அபாயம்; சார்ஜ் போடாமல் உடனே அணைத்துவிட வேண்டும். அடிப்பக்கத் திருகுகளின் தலையில் தேய்மானமும், போர்ட்களின் வாயில் பிளக் செருகிய தடமும், விசைகளில் மினுமினுப்பும் தெரிந்தால் யாரோ பயன்படுத்தித் திருப்பித் தந்த கருவி புதிதாக மாறி வந்திருக்கலாம். உற்பத்தியாளர் இணையதளத்தில் சீரியல் எண்ணை இட்டு வாரண்டி தொடங்கிய தேதியைப் பார்த்தாலும், இயங்குதளம் தரும் பேட்டரி அறிக்கையில் எத்தனை முறை சார்ஜ் சுற்று ஓடியிருக்கிறது என்று பார்த்தாலும் விஷயம் வெளிப்பட்டுவிடும். பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதிது என்று விற்பதும் 2019 சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறையே. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுபவர் சில நேரம் இந்தப் பெரிய மோசடியையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

புகார் தருவதற்கு முன் பலர் செய்யும் காரியம், கறையைத் தாங்களே போக்கப் பார்ப்பது. அதில் சாட்சியமும் அழிகிறது, 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்ல விற்றவர்களுக்கு இடமும் கிடைக்கிறது. ஈரத்துணியில் போகும் அழுக்கா, பொருளின் குறையா என்று பார்க்க மட்டும் மென்மையாக ஒரு முறை துடைக்கலாம். கருவியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியில் சொட்டாத அளவுக்குத் தண்ணீரைத் தொட்டுக்கொள்வதே முறை. திரையின் மேல் நேராக எதையும் தெளிக்கக் கூடாது. திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் கோடுகள் பலமுறை விசைகளிலிருந்து ஒட்டிய விரல் எண்ணெயாக இருக்கும், ஈரத்துணியிலேயே போய்விடும். உடலில் ஒட்டிய ஸ்டிக்கர் பசைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கையேடு அனுமதித்தால், கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரைப்பூச்சைக் கெடுக்கும். இணையக் காணொளிகள் பரிந்துரைக்கும் பற்பசையும் சமையல் சோடாவும் உரசித் தேய்ப்பவை. அலுமினிய உடலின் நிறம் உலோகத்தின் மேல் உருவாக்கிய மிக மெல்லிய ஆக்சைடு அடுக்கில் இருக்கிறது. அதைத் தேய்த்தால் கீறல் மறையாது, வெளிறிய வட்டம்தான் கூடும். மஞ்சள் கறை வெயிலில் மங்கும் என்பது துணிக்குச் சரி. பேட்டரி உள்ள கருவியை வெயிலில் காயவைக்கக் கூடாது. துடைப்பதில் மட்டுமல்ல, மூடுவதிலும் கவனம் வேண்டும்: திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே தடித்த உறையோ கேமரா மூடியோ வைத்து மூடித் திரை உடைந்தால், அந்தச் சேதத்தைப் பயனர்தான் சுமக்க நேரும். கேமரா மூடியோடு மேக்புக்கை மூட வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் அது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்று 2020-இல் ஆப்பிளே எச்சரித்தது.

ஒரு கீறலுக்காக நுகர்வோர் ஆணையம் வரை போவதா என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாக் கீறலுக்கும் போக வேண்டியதில்லை. பெரும்பாலானவை முதல் சில நாட்களுக்குள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், எழுத்தில் கேட்டாலே தீர்ந்துவிடும். தொலைபேசியில் மட்டும் பேசாமல் படங்களையும் பில்லையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மின்வணிக நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்பார், சர்வீஸ் சென்டர் கடைக்குப் போகச் சொல்லும். கைக்கு வந்தபோது இருந்த நிலைக்கு விற்றவர் பொறுப்பு, பொருளின் குறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் இந்த அலைக்கழிப்பு குறையும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. அப்பா வாங்கிக் கொடுத்ததை மகள் பயன்படுத்தினால் அவளும் சட்டப்படி நுகர்வோரே. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது. பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துபவருக்கு உண்டு. சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக இழுக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் திரை, பேட்டரி, பழைய கருவி போன்ற பெரிய குறைகளுக்கு ஆணையத்தை நாடலாம். மூடியில் ஒரு சிறு கோடு என்றால் மேல்பாகத்தை மாற்றித் தரவோ விலையில் குறைத்துத் தரவோ பேசி வாங்கிக்கொள்வது பலருக்குப் பொருத்தமாக இருக்கும்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் நாளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கொடுப்பதற்கு முன் கோப்புகளை வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு, கருவியின் ஆறு பக்கங்களையும் சர்வீஸ் சென்டர் மேசையிலேயே படமெடுக்க வேண்டும். ஜாப் ஷீட்டில் ஏற்கனவே உள்ள குறிகள் எவை என்று அங்குள்ள ஊழியர் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'ஸ்க்ராட்சஸ் ஆல் ஓவர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், எந்த இடத்தில் எத்தனை என்று திருத்தச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். திரும்ப வாங்கும்போது அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாக ஏதாவது தெரிந்தால் அங்கேயே, வெளியே வருவதற்கு முன், அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.