சொல்லச் சென்றவர்களின் விசுவாசம்

மார்மன்கள் என்று உலகம் பொதுவாக அழைப்போரின் சமயம், 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ ஆகும். பைபிளோடு, ஸ்மித் அதே ஆண்டில் வெளியிட்ட மார்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்ளும் இச்சபை, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்து, இருவர் இருவராகத் தெருக்களில் நடந்து செல்லும் இளம் ஊழியக்காரர்களே வெளியாருக்கு இச்சபையின் முகமாகத் தெரிகிறார்கள். அவர்கள் எத்தனை பேரை மதம் மாற்றுகிறார்கள் என்பது பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. அந்த ஊழியக் காலத்தில் அவர்களுடைய சொந்த விசுவாசத்துக்கு என்ன நேர்கிறது என்பது அதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது.

தகுதியும் உடல்நலமும் உள்ள இளைஞர்கள் ஊழியம் செல்வதைச் சபை கடமையாகவே கருதுகிறது. பெண்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. ஆண்கள் 24 மாதங்களும் பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றுகிறார்கள். 2012 அக்டோபரில், அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன், ஊழியத்துக்கான குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19-இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைத்ததைத் தொடர்ந்து, ஏறத்தாழ 58,000 ஆக இருந்த ஊழியக்காரர்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 80,000-ஐத் தாண்டியது. இவர்களுக்கு ஊதியம் கிடையாது. மாதந்தோறும் ஆகும் செலவை அவர்களோ குடும்பத்தாரோ ஏற்பதால், பலர் சிறுவயதிலிருந்தே இதற்கெனப் பணம் சேர்க்கத் தொடங்குகிறார்கள். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இறைவெளிப்பாட்டின் வழிநடத்துதலோடு சபைத் தலைமை அதை முடிவு செய்வதாக நம்பப்படுகிறது. ஆகவே, கேள்விப்பட்டே இராத ஓர் ஊரின் பெயரைத் தாங்கி வரும் அழைப்பை இறைவனின் விருப்பமாக ஏற்றுக்கொள்வதே அவர்களின் முதல் விசுவாசச் சோதனையாகிறது.

யூட்டாவின் ப்ரோவோ நகரில் உள்ளது போன்ற பயிற்சி மையங்களில் அவர்கள் சில வாரங்கள் தங்குகிறார்கள். வேற்று மொழி பேசும் நாட்டுக்குச் செல்பவர்கள், கடைவீதிப் பேச்சுக்கு முன்பே, அம்மொழியில் ஜெபிக்கவும் ‘சாட்சி’ சொல்லவும் கற்றுக்கொள்கிறார்கள். சாட்சி என்பது, கடவுள் இருக்கிறார், இயேசுவே மீட்பர், மார்மன் புத்தகம் உண்மையானது என்பனவற்றைத் தாம் அறிந்திருப்பதாகப் பிறர் முன்னிலையில் தன் வாயால் அறிக்கையிடுவதாகும். இவ்வாறு அறிக்கையிட வேண்டிய வயதிலேயே, அவ்வளவு உறுதி தமக்கு உண்டா என்ற கேள்வியும் பலருக்கு எழுகிறது. சபையின் அப்போஸ்தலர்களுள் ஒருவரான பாய்ட் பேக்கர், 1982-இல் ஆற்றிய உரையொன்றில், சாட்சியைச் சொல்லும்போதே அது ஒருவருக்கு வாய்க்கிறது என்று விளக்கினார். இக்கருத்து தயங்கி நின்ற பலருக்குத் துணிவு தந்தது. அதே வேளையில், சொல்லிச் சொல்லித் தன்னையே நம்பவைத்துக்கொள்வதற்கும் உண்மையாக அறிவதற்கும் என்ன வேறுபாடு என்ற நேர்மையான வினாவையும் எழுப்பியது.

அந்த வினாவுக்கு இச்சபை தரும் விடை அனுபவம் சார்ந்தது. மார்மன் புத்தகத்தின் இறுதிப் பகுதி, அதைப் படிப்பவர் மனப்பூர்வமாகக் கடவுளிடம் கேட்டால் பரிசுத்த ஆவியானவர் அதன் உண்மையை உணர்த்துவார் என்று வாக்களிக்கிறது. அந்த உணர்த்துதலைச் சிலர் நெஞ்சில் பரவும் வெம்மையாகவும், சிலர் அமைதியாகவும், சிலர் திடீரெனத் தெளியும் எண்ணமாகவும் விவரிக்கிறார்கள். ஊழியக்காரர் தம்முன் அமர்ந்திருப்பவரிடம் இவ்வாறு கேட்டுப் பார்க்குமாறு அழைப்பு விடுக்கும்போது, தம் கையில் இல்லாத ஒன்றுக்கே உறுதி கூறுகிறார். கேட்டவருக்கு விடை கிடைத்தால் அது ஊழியக்காரரின் விசுவாசத்தையும் வலுப்படுத்துகிறது. எதுவும் உணரவில்லை என்று அவர் சொன்னால் அந்த மௌனத்துக்கும் இவரே பொருள் தேடவேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்க்கையும் இத்தேடலுக்கு ஏற்பவே அமைந்துள்ளது. வழக்கமாகக் காலை 6.30 மணிக்கு எழுந்து, ஜெபித்து, வேதம் படித்து, துணை ஊழியரோடு சேர்ந்து அன்றைய பாடத்தைத் தயாரித்த பின்னரே அவர்கள் வெளியே புறப்படுகிறார்கள். துணை ஊழியரை அவர்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும் அவரைத் தனியே விட்டு எங்கும் செல்லலாகாது என்பது விதி. பூட்டிய கதவுகள், பாதியிலேயே முடியும் உரையாடல்கள், வருவதாகச் சொல்லி வராதவர்கள் என்று நாள்கள் நகர்கின்றன. ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம் என்ற பழைய நடைமுறை 2019-இல் தளர்த்தப்பட்டு, வாரம் ஒருமுறை பேச அனுமதி வழங்கப்பட்டது. பிலிப்பைன்ஸ், பிரேசில் போன்ற நாடுகளில் ஞானஸ்நானம் பெறுவோர் பலர். மேற்கு ஐரோப்பாவிலோ மிகச் சிலரே. ஒரே அளவு உழைத்தும் வெவ்வேறு பலன் காணும் இளைஞர்களுக்கு, வெற்றியை எண்ணிக்கையால் அளக்காமல் தமது அர்ப்பணிப்பால் அளக்குமாறு சபையின் ஊழியக் கையேடு அறிவுறுத்துகிறது.

எல்லோரும் உறுதியோடு திரும்புவதில்லை. உடல்நலக் குறைவாலோ மனச்சோர்வாலோ ஐயத்தாலோ காலம் முடியுமுன் வீடு திரும்புவோர், ஊரார் பார்வையில் தோற்றவர்களாகக் கருதப்படும் வேதனையைச் சுமக்கிறார்கள். அவர்களை அன்போடு வரவேற்குமாறு சபைத் தலைவர்கள் வலியுறுத்தியிருப்பதே அந்த வேதனை மெய்யானது என்பதற்குச் சான்று. சிலர் பிற்காலத்தில் சபையை விட்டே விலகுகிறார்கள். அவர்களிலும் பலர், அந்நிய மக்களின் துயரத்தை அருகிருந்து கேட்கக் கற்றுக்கொண்ட காலமாக ஊழியத்தை மதிக்கிறார்கள்.

ஊழியத்தின் பயனை முதலில் பெறுபவர் ஊழியக்காரரே என்று மார்மன்கள் சொல்வதுண்டு. அக்கூற்று முழு உண்மையாக வேண்டுமானால், நெஞ்சில் வெம்மையை உணர்ந்த இளைஞரின் சாட்சிக்கு அளிக்கப்படும் மதிப்பு, இரண்டாண்டுகள் ஜெபித்தும் எதையும் உணரவில்லை என்று சொல்லத் துணிபவருக்கும் அளிக்கப்பட வேண்டும். அறிந்ததை அறிந்ததாகவும் அறியாததை அறியாததாகவும் சொல்ல இடம் தரும் சமூகத்தில்தான், 18 வயதில் கடன் வாங்கிய சொற்களால் தொடங்கும் விசுவாசம் ஒருவரின் சொந்த விசுவாசமாக முதிர முடியும்.