மணி அடித்த பிறகு – 6: துக்கம் கேட்க ஆள் வராத வீடு

சென்ற வாரம், 999-க்கு வரும் அழைப்பு எப்படித் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் பிரிந்து போகிறது என்று பார்த்தோம். இந்த வாரம், வண்டி திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பார்ப்போம்.

மலாக்காவிலிருந்து மூவார் போகும் கூட்டரசுச் சாலை 5 மெர்லிமாவ் வழியாகத்தான் போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் பிள்ளைகளும் ஒரே தடத்தில் ஓடும் சாலை. 2023-ல் மலேசியச் சாலைகளில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கோலாலம்பூரில் அடிபட்டுக் கிடப்பவர் பெரும்பாலும் முகம் தெரியாத ஒருவர்தான். தோட்டமும் சிறுநகரமும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் அப்படி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினால் தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவனின் தம்பியாக இருப்பான்.

சாவு வீட்டுக்கு ஊரே போகும். கூடாரம் போட ஒருவர், காப்பி கலக்க ஒருவர், பதினாறாம் நாள் வரை கூட இருக்கச் சில பேர். நசுங்கிய காரை வெட்டி அந்த உடலை வெளியே எடுத்தவர் வீட்டுக்கு யார் போகிறார்கள்? அவர் வீட்டில்தான் சாவு இல்லையே! மறுநாள் காலை அவர் நிலையத்தில் வரிசையில் நின்றாக வேண்டும்.

அந்த இடத்தை நிரப்பக்கூடியவர் கூட வேலை செய்பவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எப்படி நிரப்புவது என்பதில் உலகம் ஒரு முறை தடுக்கி விழுந்திருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்தில் தீயணைப்பு வீரராகவும் பாராமெடிக்காகவும் இருந்து மனநலத் துறைக்கு வந்தவர் ஜெஃப்ரி மிட்செல். கோர நிகழ்வுக்குப் போய் வந்தவர்களைச் சில நாட்களுக்குள் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையும் நினைத்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்யும் முறையை 1983-ல் அவர் எழுதி வெளியிட்டார். பல நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு வேறு விதமாகச் சொன்னது: ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பின்னால் வரும் மனக்காயம் தடுக்கப்படவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருந்தது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் விபத்திலும் தீயிலும் சிக்கிய நோயாளிகளைப் பற்றியவை, மீட்புப் பணியாளரைப் பற்றியவை அல்ல என்று மிட்செல் தரப்பினர் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் பேச மனமில்லாதவரைப் பேசவைக்கக் கூடாது என்பதில் இன்று பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

பிரிட்டனின் ராயல் மரீன் படையில் 1990-களில் உருவான ‘டிரிம்’ முறை இதைவிட நிதானமானது. அதே பிரிவைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவர், சம்பவம் நடந்து மூன்று நாள் கழித்து உட்கார்ந்து பேசுவார். ஒரு மாதம் கழித்து மீண்டும் பேசுவார். தூக்கம் எப்படி, குடி கூடியிருக்கிறதா, தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாரா என்று பார்ப்பார். முதல் வாரத்தில் கெட்ட கனவு வருவது இயல்பு. ஒரு மாதம் ஆகியும் குறையாவிட்டால், மருத்துவரிடம் கூட்டிப் போவதும் அவர் பொறுப்பு. சிகிச்சை தருவது அவர் வேலையே அல்ல.

நம் ஊர் நிலையத்தில் இது எப்படி இருக்கும்? விபத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் பின்கட்டில் இளையவர் கட்டர் கருவியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே துடைத்ததுதான். மூத்தவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறார்.

“தம்பி, ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேன்ணே.”

“எத்தன மணிக்கு?”

பதில் வர நேரமாகிறது. மூத்தவர் அவசரப்படுத்துவதில்லை. இளையவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் இதே இடத்தில் மறுபடி உட்காருவார். பயிற்சியில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பொறுமையைத்தான். “நான் பாக்காததா, இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று அனுபவஸ்தர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் பிறகு வாயே திறக்க மாட்டான்.

இப்படி ஒரு துணை ஏன் தேவை என்பதற்கு 2018-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். அக்டோபர் 3 இரவு, பூச்சோங் அருகே தாமான் புத்ரா பெர்டானாவில் பழைய ஈயக்குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடப் போன ஆறு தீயணைப்பு வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு இறங்கியவர்கள். கரையில் நின்றவர்களில் அவர்களுடைய சகாக்களும் இருந்தார்கள். இரண்டு மாதம் ஆகுமுன், நவம்பர் 27 அன்று, சீபீல்டு இந்து ஆலயக் கலவரத்தில் தீயணைப்புப் படையின் அவசர மருத்துவப் பிரிவு ஊழியர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-ல் உயிரிழந்தார். அவருக்கு வயது 24. தமிழர்களாகிய நாம் அந்தப் பெயரை வலியோடு நினைக்கிறோம். அவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்களின் வலியையும் அதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

மலேசிய அரசுப் பணியில் ‘அக்ராப்’ என்ற பெயரில் சகபணியாளர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பொதுச் சேவைத் துறையின் திட்டம் அது; ஊழியர்களிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். நல்ல அடித்தளம். ஆனால் அரசு ஊழியரை மனத்தில் வைத்து அமைந்தது. வேலை முடிந்த கையோடு தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு ஓடும் கடைக்காரரையும் பொதுத் தற்காப்புப் படைத் தொண்டூழியரையும் அது எப்படி எட்டும் என்று யோசிக்க வேண்டும். அவர்களுக்கு மாத முடிவில் சம்பளச் சீட்டும் இல்லை, மருத்துவ விடுப்பும் இல்லை.

இப்படி ஒரு துணை ஏற்பாட்டில் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி துணையாளராக இருக்கக் கூடாது. பேசியது கோப்பில் ஏறக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு, அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “அவனுக்கு மண்ட கொழம்பிருச்சு” என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம் எல்லா நிலையத்திலும் உண்டு.

தமிழ் ஊழியருக்குத் தமிழர்தான் துணை வேண்டுமா என்று கேட்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. அதே பள்ளத்தில் கூட இறங்கிய மலாய்க்கார அபாங்குக்குத் தெரிவது வீட்டில் அண்ணனுக்குத் தெரியாது. ஆனால் அழுகை தாய்மொழியில்தான் வரும் என்பவருக்குத் தமிழில் கேட்க ஒருவர் பக்கத்து நிலையத்திலாவது இருக்கட்டும். ஜாசின், மெர்லிமாவ், மூவார் என்று சேர்த்து ஒரே வளையமாக அமைத்தால் முடியாததல்ல. அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்த டிரெசருக்கு இப்படி ஒரு துணை கிடைத்ததே இல்லை. பாம்புக்கடி, பிரசவம், மருந்து குடித்தவர் என்று எல்லாவற்றுக்கும் தோட்டத்துக்கு ஒரே ஆள் அவர். மனசுவிட்டுப் பேச இன்னொரு டிரெசர் அடுத்த தோட்டத்தில்தான் இருப்பார்.

சகாவிடமும் பேச முடியாதவர்கள் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அடுத்த வாரம், இவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் இவர்கள் முகத்தைப் பார்ப்பவர்களிடம் பேசுவோம்: மனைவிமார், கணவன்மார், பிள்ளைகள்.

(தொடரும்)